இலத்திரன் சேரும் பாதி துலக்கிய வட்டாவும்

கல்முனையில் உலோகங்களுக்காக வாதாடப் பிறந்த ஒரே மனிதர் எங்கள் விஞ்ஞான வாத்தியார் இலத்திரன் சேர்தான். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவருடைய சொந்தப் பெயர் பாடசாலை அதிபருக்கே அடிக்கடி மறந்துவிடும்.

தேநீர்க் கடையில் கரண்டியைக் கண்டால் போதும், இடுப்புச் சாரனில் தேய்க்கத் தொடங்கிவிடுவார். "உலோகத்துக்குள்ள கொஞ்ச இலத்திரன், அதான் எலக்ட்ரோன், ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாம அலைஞ்சு திரியிது. வெளிச்சம் வந்து பட்டா எல்லாம் சேர்ந்து ஆடி, வந்த வெளிச்சத்தத் திருப்பி அனுப்பிரும். அதான் இந்த மினுக்கம்."

"ஓம் சேர், கரண்டிய வைங்க. மத்தாக்களும் குடிக்கணும்" என்பார் கடைக்காரர்.

பாடசாலை மணியை அவர் துலக்கிய அன்று இடைவேளை முடியவே இல்லை. மணியில் கை படக்கூடாது என்று அதன் அடியிலேயே காவல் நின்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். சேரைக் கேட்டு வந்தவர்களெல்லாம் அவருடைய விளக்கத்தைக் கேட்டதோடு திரும்பிப் போனார்கள். முப்பத்தைந்து வயதும் தாண்டிவிட்டது. அவருடைய உம்மா தொழுகைப் பாயில் அழாத நாளில்லை.

கடைசியாக மாவடிப்பள்ளியிலிருந்து வயல்காரப் போடியார் ஒருவர், பரம்பரைப் பித்தளை வட்டாவில் வெற்றிலை அடுக்கிக்கொண்டு வந்தார். சேருக்குத் துணையாக நானும் இருந்தேன்.

"வாயத் திறந்திராத மகன்" என்று உம்மா கெஞ்சியிருந்தார். சேர் வாயைத் திறக்கவில்லைதான். வெற்றிலையைப் பாயில் கொட்டிவிட்டு வட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் திறந்தார்.

"ஊத்தை புடிச்சிரிக்கு. உம்மா, கொஞ்சம் புளி கொண்டு வாங்க!"

"எங்கட ஊட்டு வட்டாவா ஊத்தை?" போடியார் எழுந்துவிட்டார். அதற்குள் சேர் புளி போட்டுப் பாதி துலக்கிவிட்ட வட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வண்டியேறினார். உம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை போடியார் திரும்பி வந்தார். கையிலிருந்த வட்டா முழுவதும் தகதகத்தது.

"மத்தப் பாதிய மகள் துலக்கிப் போட்டா" என்றார் வேண்டாவெறுப்பாக. "ஒரு கேள்வியும் கேட்டு வரச் சொன்னா. வெள்ளி வெள்ளையா மினுங்குது, தங்கம் மட்டும் என்னத்துக்கு மஞ்சளா மினுங்குது?"

அத்தனை வருடத்தில் சேரிடம் மினுக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான். கண்களைத் துடைத்துக்கொண்டு, மிக மெதுவாகப் பதில் சொன்னார்.

"தங்கம் நீல வெளிச்சத்த விழுங்கிரும். மிச்சத்தத்தான் திருப்பித் தருது, மாமா."

அந்த 'மாமா' என்ற சொல்லோடு கலியாணம் முடிவாகிவிட்டது. இன்றும் கடையில் தேநீர் வந்தால், கரண்டியைச் சட்டையில் ஒருதரம் தேய்த்துவிட்டுத்தான் கலக்குகிறேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.