நான்காவது பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகு ஒன்றைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உன் முழங்கால் ஒன்றைத் தவிர நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போன மாதம் நீ போட்ட கடிதம் கிடைத்தது. வழக்கம்போலக் கடைசியில் பெயர் போடாமல், ‘இப்படிக்கு, மற்றும் பிறர்’ என்று முடித்திருந்தாய். இருபத்தொன்பது வருடமாக இப்படித்தான் முடிக்கிறாய். உறையைப் பார்த்ததுமே என் மனைவி, “மற்றும் பிறர்கிட்டேர்ந்து லெட்டர் வந்திருக்கு” என்று நீட்டுகிற அளவுக்கு அது இந்த வீட்டில் பழகிவிட்டது. இனிமேல் நீ அப்படி எழுதத் தேவையில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முடிவை மட்டும் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

அந்தச் சனிக்கிழமை உனக்கு மறந்திருக்காது. உங்கள் தையல் பள்ளித் தலைமையாசிரியையும் நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து எழுதிய ‘வீட்டிலேயே தைக்கலாம்’ எங்கள் நூலகத்துக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். அக்காள் எழுதிய புத்தகம் என்று பிரிவில் ஒருவர் விடாமல் காட்டினேன். உன் கைப்பட வரைந்த சட்டைக்கை படங்களைத் தட்டச்சுக்காரர் இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தார். பட்டியல் அட்டையை நானே தட்டச்சு செய்தேன். அந்த இயந்திரத்தில் ‘ற’ மட்டும் வரியை விட்டு ஒரு படி மேலே ஏறிக் குதிக்கும், அதைப் பிடித்து உட்காரவைக்கத் தனி விரல் பழக்கம் வேண்டும். அட்டை அடித்து, துளையில் கம்பி கோத்து, இழுப்பறையைத் தள்ளும்போது மரத்தோடு மரம் உரசுகிற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எண்பத்துநான்கு இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைப் பிடி. மழைநாளில் சில திறக்காது. காலையில் போனதும் பிடிகளை ஒருமுறை தொட்டுக்கொண்டே நடந்து என் நாற்காலிக்குப் போவேன். இப்போது அந்த இடத்தில் குளிர்ந்த தண்ணீர் தரும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.

நீ உன்னோடு எழுதிய மூன்று ஆசிரியைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாய். நல்ல உடை உடுத்தியிருந்தாய். அட்டையை வெளியே எடுக்க முடியாது என்று நான் சொன்னதால் குனிந்தபடியே படித்தாய்.

“தலைமையாசிரியை பேரு இருக்கு. அப்புறம் மூணு புள்ளி இருக்கு. அப்புறம் ‘மற்றும் பிறர்’னு இருக்கு.”

“மூணு பேருக்கு மேல எழுதியிருந்தா முதல் பேரு மட்டும்தான் போடணும்க்கா. விதி அப்படி.”

“இதுல நான் யாரு? மற்றுமா, பிறரா?”

மற்ற மூவரும் சிரித்துவிட்டார்கள். அவர்களும் பிறர்தான், ஆனால் அவர்களுக்கு நூலகத்தில் தம்பி கிடையாது. நீ சிரிக்கவில்லை. இழுப்பறையை மெதுவாகத் தள்ளி மூடினாய். ஓங்கி அறைந்திருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அடுத்த வாரமே உன் முதல் ‘மற்றும் பிறர்’ கடிதம் வந்துவிட்டது.

இனி இந்த வருடத்துக் கதைக்கு வருகிறேன். பட்டியல் விதிகளை அடியோடு மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் தலைமை நூலகர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், தலையணை கனத்துக்கு ஒரு கோப்பும் இடுப்புப் பிடிப்புமாகத் திரும்பி வந்தார். இப்போதெல்லாம் அட்டை கிடையாது, கணினி படிக்கிற பதிவுதான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு பதிவு என்பது நிறைய அறைகள் உள்ள வீடு மாதிரி. அறைக்கு அறை எண் உண்டு. 245-இல் தலைப்பு இருக்கும், 300-இல் எத்தனை பக்கம், எத்தனை உயரம் என்று இருக்கும், 700-இல் முதல் ஆசிரியரைத் தவிர்த்த மற்ற ஆசிரியர்கள் இருப்பார்கள். பழைய விதி அட்டையில் இடமில்லாத காலத்தில் எழுதியது, எல்லாவற்றையும் சுருக்கு என்றது. கணினியில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே புதிய விதி எதையும் சுருக்காதே என்கிறது. ‘ப.’ என்று போடாதே, ‘பக்கங்கள்’ என்று எழுது. ‘செ.மீ.’ வேண்டாம், ‘சென்டிமீட்டர்’ என்று எழுது. அதோடு ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று புதிய அறைகள்: இது என்ன, இதைப் படிக்க என்ன கருவி வேண்டும், இது எதன் மேல் இருக்கிறது. சாதாரணப் புத்தகத்துக்கு விடை: எழுத்து, கருவி வேண்டாம், ஏடுகளின் தொகுதி. இதை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “புத்தகம் படிக்க ஒண்ணும் வேணாம்னு எழுதறதுக்கு மூணு நாள் பயிற்சியா? அதுவும் தப்பு. கண்ணாடி வேணும்னு போடுங்க” என்றாள். அடுத்த நாள் இதைத் தலைமை நூலகரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

எங்களிடம் தொண்ணூறாயிரம் பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக விரித்து எழுத மூன்று ஆயுள் வேண்டும் என்று நான் கணக்குச் சொன்னேன். எங்கள் கணினிப் பொறியாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘மொத்தமா அம்மா’. எதைக் கேட்டாலும், “அதுக்கென்ன, மொத்தமா மாத்திடலாம்” என்பார். கெட்டிக்காரர், நல்லவரும்கூட. அவர் ஒரு கட்டளை எழுதினார். ‘ப.’ வருகிற இடமெல்லாம் ‘பக்கங்கள்’, ‘செ.மீ.’ வருகிற இடமெல்லாம் ‘சென்டிமீட்டர்’. 300-ஆம் அறையில் மட்டும் மாற்று என்று சொல்ல மறந்துவிட்டார். கணினி எல்லா அறைக்குள்ளும் போய் மாற்றிவிட்டது. நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள், தலைப்பெழுத்து ‘ப.’ என்று உள்ள எழுத்தாளர்கள் அத்தனை பேரும் பக்கங்கள் ஆகியிருந்தார்கள். ஒரு கவிஞரின் பெயரே பெரிய புத்தகம்போலப் ‘பக்கங்கள்’ என்று தொடங்கியது. அவருடைய கவிதைகளோ நாற்பது பக்கம்தான்.

இரண்டாம் நாள் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வந்தார். அவருடைய பாடநூல் எங்களிடம் இருக்கிறது. தாத்தா பெயருக்கு ஒன்று, அப்பா பெயருக்கு ஒன்று என்று அவருக்கு ‘செ.மீ.’ என இரண்டு தலைப்பெழுத்து. மனிதர் கோபமே இல்லாமல், பாடம் நடத்துகிற குரலில் கேட்டார்.

“என்னை சென்டிமீட்டர்னு போட்டிருக்கீங்க. சரி. எத்தனைன்னு போடலையே?”

“ஐயா, அது ஒரு சின்னப் பிழை…”

“அலகு போட்டா அளவு போடணும். அளவு இல்லாத அலகுக்கு நான் எப்பவும் மதிப்பெண் குடுத்ததில்ல.”

மொத்தமா அம்மா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அவரும் இந்த ஆசிரியரிடம் படித்தவர்தானாம். “நீயா? அவசரம் இன்னும் போகலையா உனக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஆசிரியர் போய்விட்டார். அன்று பிற்பகல் முழுவதும் பொறியாளர் அம்மா யாரிடமும் ‘மொத்தமா’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

கெட்டுப்போன இரண்டாயிரத்து முந்நூறு பதிவுகளையும் கையால் திருத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு பெறுகிறவனுக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? எனக்கு அதில் வருத்தமில்லை. ஒவ்வொரு பதிவும் நான் எப்போதோ அட்டையில் அடித்தது. திரையில் எழுத்தெல்லாம் ஒரே அச்சு, ஆனால் எதை மழைநாளில் அடித்தேன், எதை உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் விடுப்புக் கிடைக்குமோ என்ற கவலையில் அடித்தேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆயிரத்து நானூறைத் தாண்டியபோது உன் புத்தகம் வந்தது. ‘வீட்டிலேயே தைக்கலாம்’. தலைப்பெழுத்து ‘பக்கங்கள்’ ஆகிப்போன தலைமையாசிரியை பெயர், மூன்று புள்ளி, மற்றும் பிறர்.

தலையணைக் கோப்பை எடுத்துப் புரட்டினேன். மூன்று பேர் விதியை எடுத்துவிட்டிருந்தார்கள். எத்தனை பேர் எழுதினாலும் தலைப்புப் பக்கத்தில் கண்டபடி அத்தனை பேரையும் எழுது என்று இருந்தது. இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் பக்கத்து மேசை அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தேன். முதுகு ஒட்டி இரண்டு தரம் தைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேர் இரவல் வாங்கியிருக்கிறார்கள். சட்டைக்கை அத்தியாயத்தில் யாரோ ஒரு அம்மா ஓரத்தில், ‘இது சரியாக வந்தது’ என்று எழுதியிருக்கிறார். நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம். நான் அழிக்கவில்லை.

700-ஆம் அறையை நான்கு முறை திறந்து நான்கு பேரையும் எழுதினேன். புதிய விதிப்படி ஒவ்வொருவரும் அந்தப் புத்தகத்துக்கு என்ன உறவு என்றும் சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு ‘ஆசிரியர்’ என்று போட்டேன். நான்காவது பெயரான உனக்கு ‘ஆசிரியர்’ என்று ஒன்று, ‘படம் வரைந்தவர்’ என்று இன்னொன்று. தம்பி என்பதால் இல்லை, படங்கள் உன்னுடையவை என்று முன்னுரையிலேயே இருக்கிறது. பதிவைச் சேமித்துவிட்டு, வாசகர்கள் தேடுகிற திரைக்குப் போய் உன் பெயரைத் தட்டினேன். முதல் தரம் எழுத்துப் பிழை, அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்.

நான்கு புத்தகங்கள் வந்தன.

முதலாவது உன்னுடையது. மற்றவை ‘கோழி நோய்களும் தடுப்பும்’, ‘குஞ்சு பராமரிப்பு’, ‘முட்டைக் கோழிக்கு ஏற்ற கூண்டு’. உன் பெயரிலேயே ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். கணினி உங்கள் இருவரையும் ஒரே ஆள் என்று முடிவு செய்துவிட்டது. பக்கத்து மேசை அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க அக்கா கோழியும் வளத்தாங்களா, சொல்லவே இல்லையே” என்றார். ஒரே பெயருள்ளவர்களைப் பிரிக்க விதி ஒரு வழி சொல்கிறது. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடத்தைப் போடவேண்டும். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா ஒரு வருடம் சொன்னார். வேலைக்கு மனுப் போட்டபோது நீ ஒன்று எழுதினாய். கல்யாணப் பேச்சு நடந்தபோது அம்மா ஒன்று சொன்னாள். அந்த மூன்றாவது கணக்குப்படி நீ எனக்குத் தங்கை. எதைப் போடுவது? வருடம் சொல்ல மனமில்லை என்றால் தொழிலைப் போடவும் விதியில் இடம் இருக்கிறது, ‘தையல் ஆசிரியை’ என்று போட்டுவிடுகிறேன். மாதக் கடைசியில் எங்கள் பதிவுகள் எல்லா நூலகங்களுக்கும் பொதுவான பட்டியலுக்குப் போய்விடும். அதற்குள் உன் பதில் வராவிட்டால் ஊரெங்கும் நீ கோழி மருத்துவர்தான்.

ஆக, அக்கா, நீ இத்தனை வருடம் நினைத்ததுபோல் என்மேல் தப்பில்லை என்று இப்போதாவது ஒப்புக்கொள். என் கையைக் கட்டியது விதி. கட்டு அவிழ்ந்தது தெரிந்த அன்றைக்கே, ஒரு நாள்கூடத் தள்ளாமல், உன் பெயரை எழுதிவிட்டேன். இதற்குமேல் ஒரு தம்பி என்ன செய்ய முடியும்?

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். மருமகனும் மருமகளும் நூறு புத்தகம் எழுதட்டும், தலைப்புப் பக்கத்தில் தனியாகவே எழுதட்டும். உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவ மறக்காதே. அங்கிருந்தே என் தலையில் கை வைத்து ஆசி சொல்லிவிடு.

என்றும் உன் அன்புத் தம்பி.

பி.கு.: உறையில் போடுமுன், பழைய விதியின் எண்ணையும் சேர்த்து எழுதினால் நீ மறுபேச்சுப் பேசமாட்டாய் என்று, அடித்தட்டிலிருந்து என் பழைய விதிப்புத்தகத்தை எடுத்தேன். மூன்று பேர் விதி நான் சொன்னபடியேதான் இருக்கிறது. அதற்குச் சில பக்கம் தள்ளி இன்னொரு விதியும் இருக்கிறது: ஒரு நூலகத்தின் வாசகர்களுக்குத் தேவை என்று தோன்றினால், விடுபட்ட எவர் பெயரிலும் ஒரு கூடுதல் அட்டை போட்டுக்கொள்ளலாம். ஓர் அட்டை, அக்கா. ஐந்து நிமிட வேலை. அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறது, பாதி அழிந்துவிட்டது. மை அல்ல, பென்சில் அல்ல, நீ துணியில் குறி போடுகிற நீலச் சுண்ணக்கட்டி. நான் தேர்வுக்குப் படித்த மாதங்களில் தைத்துக்கொண்டே இந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்து என்னைக் கேள்வி கேட்டது நீதான். அன்றைக்கு இழுப்பறை முன்னால் நின்றபோது உனக்கு இந்த விதி தெரியும். எனக்குத்தான் நினைவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுதப் பேனாவைத் தூக்கினேன், எழுத முடியவில்லை. ஆகவே விதிமேல் பழி போட்டு மேலே எழுதியதையெல்லாம் நீயே அடித்துவிடு. இதைத் தபாலில் போடவில்லை. சனிக்கிழமை காலை வண்டியில் நானே கொண்டுவருகிறேன். வாசலில் நிறுத்திவைத்துப் படிக்காதே. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் படி.