கருவாட்டு வண்டியில் வந்த மாப்பிள்ளை

நான் கஞ்சன். உடம்புக்கு முடியாதபோது இன்னும் பெரிய கஞ்சனாகிவிடுவேன் என்பது, பெண் பார்க்கப் போன அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அப்போது நாகர்கோவிலில் வேலை. பெண் வீடு தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில். (ஊர்ப் பெயரிலேயே மாப்பிள்ளை! சகுனம் இதைவிட வேறென்ன வேண்டும்?) அம்மாவும் அப்பாவும் சாத்தான்குளத்திலிருந்து காரில் நேரே வந்துவிடுவதாக ஏற்பாடு. முந்தின நாளே எனக்குக் காய்ச்சல். மூக்கு சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல் அடைத்துக் கிடந்தது.

“ஏலே, டாக்சி பிடிச்சு வந்துரு. பார்த்த இடமெல்லாம் தட்டிப் போச்சு. இதுவும் போச்சுன்னா காலம்பூரா ஒத்தையிலதான் கெடப்ப,” என்றாள் அம்மா போனில்.

டாக்சியா? நானா? திருச்செந்தூர்வரை பஸ்ஸில் வந்தேன். அங்கே தூத்துக்குடி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எனக்கோ நிற்கத் தெம்பில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒரு வேன் டிரைவர் இரக்கப்பட்டார்.

“தூத்துக்குடிக்குத்தான் போறேன். முன்னால ஆள் இருக்கு. பின்னால மூடை மேல படுத்துக்கிடுதியளா?”

“எவ்வளவு அண்ணாச்சி?”

“காசெல்லாம் வேண்டாம். உங்களுக்குச் சம்மதம்னா ஏறுங்க.”

(‘சம்மதம்னா’ என்று ஏன் இழுக்கிறார் என்று யோசித்திருக்கலாம். ‘காசு வேண்டாம்’ என்று கேட்டபிறகு என் மூளை வேலை செய்வதில்லை.)

மூடைக்குள்ளிருந்து ஏதோ சுள்ளிபோல முதுகில் குத்தியது. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மாப்பிள்ளையூரணி விலக்கில் இறங்கினேன். டீக்கடையில் நின்றவர்கள் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்கு மரியாதை என்று நினைத்தேன். இரண்டு பூனைகள் பெண் வீட்டு வாசல்வரை கூடவே வந்தன. வாயில்லா ஜீவனுக்குக்கூட என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா எழுந்து எல்லா ஜன்னல்களையும் திறந்தார். ஃபேனைக் கூட்டினார். உடனே பதறிப்போய் அணைத்தார்.

பெண்ணின் தாய்மாமா என் அம்மாவைக் கேட்டார்: “மாப்பிள்ளைக்கு உத்தியோகம் என்னன்னு சொன்னிய?”

“பேங்குல கிளார்க்கு.”

“அப்படியா? நான் கருவாட்டு யாவாரம்னுல்லா நெனச்சேன்!”

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். “ஏலே, எதுல வந்த?”

“வேன்லம்மா. சும்மாவே ஏத்திக்கிட்டாரு!” என்றேன் பெருமையாக.

அம்மா என் காலரிலிருந்து ஒரு நெத்திலித் தலையை எடுத்து, சத்தமில்லாமல் என் வலது உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பெண் காபியோடு வந்தாள். கையை விரித்தால் மானம் போகும். இடதுகையை நீட்டி டம்ளரை வாங்கினேன். இந்த இடமும் முடிந்தது என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவள் மட்டும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்திலேயே நின்று, “உடம்புக்கு முடியலையா?” என்று கரகரத்த குரலில் கேட்டாள். (வெட்கத்தில் குரல் கம்முகிறது என்று நினைத்தேன்.)

சாயங்காலமே சம்மதம் வந்துவிட்டது!

இன்றும் தாய்மாமா வீட்டில் கருவாடு பொரித்தால் எனக்கு போன் வரும்: “வாசம் வந்துச்சு. வாசல்ல நீங்கதான் நிக்கியளோன்னு பாத்தேன் மாப்ளே.” நான் கண்டுகொள்வதில்லை. வாசத்தை வைத்து ஆளை எடைபோடாத உத்தமி எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் அவளிடமே கேட்டும் விட்டேன்.

“அத்தனை பேரும் மூக்கைப் பொத்துனாங்க. நீ மட்டும் எப்படிளா என்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்ன?”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

“எனக்கும் அன்னைக்கு மூக்கடைப்பு.”