பூவாத்தாள் கதைக்கு எத்தனை நட்சத்திரம்?

உங்கள் வீட்டுக்காரர் முக்குக் கடைக்கு உப்பு வாங்கப் போகும்போது தலை சீவிக்கொண்டு போவாரா? போவாரென்றால் போகட்டும், விடுங்கள். அதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எழுதவே எழுதாதீர்கள். எழுதினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

ஒரு காட்டில் பூவாத்தாள் என்று ஓர் இருவாச்சியும் சென்னியப்பன் என்று அவள் புருஷனும் இருந்தார்கள். இருவாச்சி தெரியுமில்லையா? அலகுக்கு மேலே இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்குமே, அந்தப் பெரிய பறவை. அந்தச் சாதியில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மண்ணையும் பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துவிடுவாள். அலகு நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடுவாள். உள்ளே இருக்கிற நாளில் சிறகெல்லாம் உதிர்ந்துபோகும். புதுச்சிறகு முளைக்கிறவரை பறக்க முடியாது. மரநாய் வராமல், பாம்பு வராமல் அவளையும் குஞ்சையும் காப்பது அந்தச் சுவர். சோறு போடுவது சென்னியப்பன். இரண்டில் எது போனாலும் உள்ளே இருக்கிற இரண்டு உயிரும் போச்சு.

முட்டை மேல் உட்காருகிற வேலை உடம்புக்குத்தான், மனசுக்கு ஒரு வேலையும் இல்லை. இடுக்கு வழியாகப் பார்த்தால் நாலு இலை தெரியும், கொஞ்சம் வானம் தெரியும், வேளைக்கு ஒருதரம் புருஷனுடைய அலகு தெரியும். இதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்? கதை கட்டினாள். பக்கத்துக் கிளையில் மலையணில் ஒருவன் பதிப்பகம் வைத்திருந்தான். அதுவரை அவன் போட்டது ஒரே புத்தகம், தவளை ஒருத்தர் எழுதிய வாழ்க்கை வரலாறு. அது ஈரத்தில் ஊறிப்போய் விற்கவில்லை. பூவாத்தாள் இடுக்கு வழியாகச் சொல்லச் சொல்ல, அவன் தேக்கிலையில் பல்லால் கீறிக்கொண்டான். நாளுக்கோர் அத்தியாயம், பலாமரத்தடியில் தொங்கவிடுவான்.

நாவலின் பெயர் 'பழம் கொண்டு வருகிறவன்'. ஒரு மனைவி பொந்துக்குள் இருக்கிறாள். புருஷன் பழம் கொண்டு வருகிறான். நல்லவன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தினமும் காலையில் பழம் பறிக்கக் கிளம்பும் முன், வாலடியில் சுரக்கிற மஞ்சள் எண்ணெயை எடுத்து அலகெல்லாம் பூசிக்கொண்டு பளபளவென்று போகிறான். பழம் பறிக்கப் போகிறவனுக்கு எதற்கு அந்தப் பூச்சு? அத்திமரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. ஒவ்வோர் அத்தியாயமும் முடிகிறபோது இடுக்கு வழியாக அந்த அலகு வரும், நேற்றைவிட இன்றைக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சளாக.

காடு பற்றிக்கொண்டது. மானுக்கு மேய்ச்சல் மறந்துபோனது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் படிவம் நிரப்ப வேண்டும் என்று அணில் விதி வைத்தான். பெயர், இனம், கால்களின் எண்ணிக்கை, மணமானவரா, எத்தனை நட்சத்திரம். வரிசை ஓடைவரை நீண்டது. மரவட்டை ஒன்று மூன்றாவது கட்டத்தை நிரப்ப ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டது. நடுவில் யாரோ கூப்பிட்டதில் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதல் காலிலிருந்து ஆரம்பித்தது.

வந்த கருத்துகளில் சிலதைச் சொல்கிறேன். கேளையாடு எழுதியிருந்தது: மூன்றாம் அத்தியாயம் நல்ல ருசி, மற்றதையும் தின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நாலு நட்சத்திரம். யானை ஒரே நட்சத்திரம் போட்டது, கதையில் யானை இல்லையாம். முள்ளம்பன்றிக்குக் கட்டிப்பிடிக்கிற காட்சி நம்புகிற மாதிரி இல்லை. குயிலுக்குக் கதையே நம்புகிற மாதிரி இல்லை. தன் முட்டையைத் தானே அடைகாக்கிற பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டிருந்தாள். கும்பிடுபூச்சி அம்மாள் கதை ரொம்ப இழுக்கிறது என்றாள். பன்னிரண்டு அத்தியாயமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறாளே, நானாக இருந்தால் கல்யாணத்தன்றைக்கே அவனைத் தின்று முடித்திருப்பேன் என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே விதவை என்று போட்டிருந்தாள். வெளியே கிளம்பும் ஆண் அலங்காரம் செய்துகொள்வதில் என்ன தப்பு, இது ஆண்களுக்கு எதிரான கதை என்று மயில் மூன்று படிவம் கேட்டு வாங்கி எழுதினான். ஆமை இன்னும் முதல் பக்கத்தில்தான் இருந்தது. முடிவை யாராவது சொன்னால் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வேன் என்று எழுதியது.

பூவாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. அணில் படித்துக்காட்டக் காட்ட, திட்டியதைக்கூட இரண்டுதரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான் குஞ்சும் பொரிந்தது. கண் திறக்காத குஞ்சு, வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு.

அதற்கு மறுநாள்தான் கருமந்தி கருத்து எழுதினாள். காட்டு வாசகர் வட்டத்துக்கு அவள்தான் தலைவி. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு நடுவில் இருப்பதை எல்லோருக்கும் விளக்குகிறவள். இது கதையே இல்லை, ஒரு பெண்ணின் கூக்குரல் என்று எழுதினாள். போய்ப் பாருங்கள், காட்டு மாமரத்தில் பொந்து இருக்கிறது, சுவர் இருக்கிறது, உள்ளே ஒருத்தி இருக்கிறாள், வெளியே ஒருத்தன் மஞ்சள் பூசிக்கொண்டு திரிகிறான், இன்னும் என்ன சாட்சி வேண்டும் என்று முடித்திருந்தாள். அதற்கு நட்சத்திரம் போடவில்லை. அவசரத்துக்கு நட்சத்திரம் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் வட்டம் கூடி அத்திமரத்துக்குப் போனது. சென்னியப்பன் அப்போதுதான் கழுத்தைத் திருப்பி வாலடியைத் தொட்டு அலகில் மஞ்சளைத் தீற்றிக்கொண்டிருந்தான். இருவாச்சி ஆண்கள் எல்லோரும் காலையில் செய்கிற வேலைதான். ஐந்தாம் அத்தியாயத்தில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே.

பழத்தைத் தொடவிடவில்லை. கிளையைச் சுற்றி வளைத்துக்கொண்டு, விளக்கப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பூச்சு எதற்காக, யாருக்காக, எத்தனை நாளாக, தனித்தாளில் விவரிக்கவும். சென்னியப்பனுக்குப் பேச்சே அளவாகத்தான் வரும், எழுத்து எங்கே வரும்? யோசித்து யோசித்து, எங்கப்பனும் பூசினாருங்க என்று ஒரு வரி எழுதினான். கருமந்தி அதைப் படித்துவிட்டு, பரம்பரையாகவே இப்படித்தான் போல என்று எல்லோரையும் ஒருதரம் பார்த்தாள். குஞ்சு பசியோடு இருக்கும், ஒருநடை போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவன் கெஞ்சினான். குழந்தையைச் சாக்கு வைப்பது ஏழாம் அத்தியாயம் என்று சொல்லிவிட்டார்கள்.

வெயில் ஏறியது. பொந்துக்குள் குஞ்சு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் வாயைத் திறந்து மூடியதே தவிர சத்தம் வரவில்லை. பூவாத்தாள் நேற்றுத் தின்று துப்பிய கொட்டைகளைத் தேடி, ஒட்டியிருந்த சதையைச் சுரண்டி ஊட்டினாள். அது எத்தனை வாய்க்கு வரும்? அணில் மூச்சிரைக்க ஓடிவந்து நடந்ததைச் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் கவலையும் இருந்தது, மூன்றாம் பதிப்புப் போகிற சிரிப்பும் இருந்தது. அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். இடுக்கு வழியாகப் பாதிப் பார்வைதான் வந்தது. அதற்கே சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குள் வட்டம் மாமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. சென்னியப்பனை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மரங்கொத்தி ஒருவனையும் கூட்டி வந்திருந்தார்கள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்து, பூச்சு நல்ல பூச்சுதான், இருந்தாலும் பத்துக் கொத்தில் எடுத்துவிடலாம் என்றான்.

பூவாத்தாள் இடுக்கில் அலகை வைத்துக் கத்தினாள். இந்தச் சுவரை நான்தான் கட்டினேன் என்றாள். கருமந்தி கீழேயிருந்து பரிவாகத் தலையாட்டி, ஆறாம் அத்தியாயத்திலும் அவள் இதையேதான் சொல்கிறாள் என்றாள். என் வீட்டுக்காரர் தங்கமானவர் என்றாள் பூவாத்தாள். ஒன்பதாம் அத்தியாயம் என்றார்கள். நீங்கள் சொல்கிற வரியெல்லாம் நான் எழுதினதுதானே, எழுதினவள் சொல்கிறேன், அது கதை என்றாள்.

குயில் குறுக்கே வந்தாள். "முட்டை போடறதோட உங்க வேலை முடிஞ்சுதுங்கக்கா. பொரிஞ்சது என்னன்னு நாங்க பாத்துக்கறோம்."

மரங்கொத்தி முதல் கொத்துப் போட்டான். ஒரு விரற்கடை மண் பெயர்ந்து குஞ்சின் முதுகில் விழுந்தது. இரண்டாவது கொத்தில் வெளிச்சம் வந்தது. மேல்கிளையில் மரநாய் ஒன்று படுத்துக்கொண்டு, நட்சத்திரம் எதுவும் போடாமல், பொறுமையாக அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாவலுக்கு அவள் ஒரு முடிவு வைத்திருந்தாள். இடுக்கு வழியாகப் பொண்டாட்டிக்குத் தெரிவது தன் அலகு ஒன்றுதான், அதையாவது அழகாகக் காட்டுவோம் என்றுதான் அவன் தினமும் பூசிக்கொள்கிறான். இதுதான் அந்த ரகசியம். யோசித்தபோது அவளுக்கே அழுகை வந்த முடிவு. இப்போது கீழே நிற்கிற முகங்களைப் பார்த்தாள். இதற்கு இரண்டு நட்சத்திரம்கூடத் தேறாது, சுவரும் தேறாது என்று தெரிந்தது.

குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இடிக்கறதுன்னா இடிங்க. கடைசி அத்தியாயம் ஒண்ணு பாக்கி இருக்குது. கேட்டுட்டு இடிங்க."

மரங்கொத்தி அலகை எடுத்துவிட்டான். அவனும் வாசகன்தானே. ஆமை மட்டும் காதைப் பொத்திக்கொள்ளக் கையில்லாமல் ஓட்டுக்குள் போய்விட்டது.

பூவாத்தாள் சொன்னாள். அந்தப் புருஷனிடம் ஒரு ரகசியமும் இல்லை. ரகசியமெல்லாம் உள்ளே இருப்பவளிடம்தான். அவன் அவளுக்கு இரண்டாவது புருஷன். முதல் ஒருத்தன் இருந்தான், அவனும் பழம் கொண்டு வந்தவன்தான். ஒருநாள் நேரம் கழித்து வந்தான். அப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. எதற்காக ஒருத்தி வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டு மூன்று மாசம் ஒரே இடத்தை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள்? உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியில் ஏதோ இருந்தால்தானே?

"நம்பிக்கை இல்லீனா இதைப் பாருங்க."

அப்படிச் சொல்லிவிட்டு, தன் மேலிருந்து உதிர்ந்து கிடந்த சிறகுகளில் நீளமாக ஒன்றைப் பொறுக்கி, இடுக்கு வழியாக வெளியே தள்ளினாள். கறுப்பும் வெள்ளையுமாக அது சுற்றிச் சுற்றி இறங்கிக் கருமந்தியின் காலடியில் வந்து படுத்தது. பின்னாலேயே இன்னொன்று. பின்னாலேயே இன்னும் இரண்டு.

கருமந்தி இரண்டு எட்டுப் பின்னால் போனாள்.

அப்புறம் எல்லோரும் மெல்லத் திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தார்கள். யானைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தியோடு குடித்தனம் பண்ணிக்கொண்டு, காலையில் எழுந்து அலகுக்கு மஞ்சள் வேறு பூசி, சிரித்த முகமாக வெளியே வருகிறானே, இவனல்லவா மனுஷன் என்று முள்ளம்பன்றி அவனைக் கட்டிப்பிடிக்கப் போனது. நல்லவேளை, பிடித்து நிறுத்தினார்கள். மயில் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, நான் அன்றைக்கே சொன்னேன் என்றான்.

மரங்கொத்தியைக் கீழே இறங்கச் சொன்னார்கள். சொல்வதற்கு முன்னாலேயே அவன் இறங்கி, அடுத்த மரத்தையும் தாண்டிப் போயிருந்தான். யானை ஓடையிலிருந்து தும்பிக்கை தும்பிக்கையாகச் சேறு கொண்டுவந்து, பெயர்ந்த இடத்தை அடைத்து, அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசியது. உள்ளே இருப்பவள் வெளியே வந்துவிடக் கூடாதில்லையா. மரமேறத் தெரிந்தவர்கள் முறைவைத்துக் காவல் இருப்பது என்று முடிவானது. மரநாய் அதைக் கேட்டுவிட்டு எழுந்து சோம்பல் முறித்துப் போய்விட்டது. பசியில் வைத்தால் அவளுக்கு வெறி வந்துவிடும், யாராவது ஒருத்தர் உயிர் போகும் என்று கருமந்தி எச்சரித்தாள். அதனால் வீட்டுக்கு ஒரு கொத்து அத்திப்பழம் என்று வந்து குவிந்தது. உச்சிப்பொழுது சாய்வதற்குள் குஞ்சின் வயிறு உடுக்கைபோல் ஆகிவிட்டது.

நாவலுக்கு எல்லோரும் ஐந்து நட்சத்திரம். கும்பிடுபூச்சி அம்மாள் ஆறாவதாக ஒன்றைக் கையால் வரைந்து, இதுதான் குடும்பக் கதை என்று எழுதியிருந்தாள்.

கூட்டமெல்லாம் கலைந்தபின் சென்னியப்பன் பொந்துக்கு வந்தான். வழக்கமாக ஒட்டி உட்காருகிறவன் அன்றைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கழுத்தை மட்டும் நீட்டிப் பழத்தை இடுக்கில் வைத்தான். பூவாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. மெதுவாக எல்லாவற்றையும் விளக்கினாள். சிறகு தன்னுடையதுதான், வருஷா வருஷம் உதிர்வதுதான், முதல் புருஷன் என்று எவனும் கிடையாது, சுவரைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றாள். முதலில் யோசித்து வைத்திருந்த முடிவையும் சொன்னாள். அதைக் கேட்டு அவன் வெட்கப்பட்டு ஒருதரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லாம் தெரியும், இதில் என்ன இருக்கிறது என்று தலையாட்டினான். எழுந்தான். கிளையில் இரண்டு எட்டு நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி அதே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, தொண்டையைச் செருமினான்.

"ஏம்புள்ள, ரெண்டாம் பாகம் எழுதறதா இருந்தீன்னா, கடைசி அத்தியாயத்தை மட்டும் எனக்கு ஒரு நாள் முன்னாடியே சொல்லிப்போடு. அன்னைக்குப் பழத்தை நான் அணில்கிட்டக் குடுத்து உட்டுடறேன்."

நீதி: குடும்பம் நிம்மதியாக நடக்க வேண்டுமென்றால், செய்யாத கொலை ஒன்றையாவது மனைவி ஒப்புக்கொள்ள வேண்டும்.