சர்வலோகா ரெசிடென்சியின் முப்பத்து மூன்றாவது அறிவுரை

விருந்தோம்பலை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் யார் என்று அறிஞர்கள் ஆளுக்கொரு திசையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவ்வளவு அலைய வேண்டியதில்லை. தாம்பரத்தில் பஸ் ஏறி மாடம்பாக்கத்தில் இறங்கி, யாரையாவது கேட்டால் சர்வலோகா ரெசிடென்சியைக் காட்டுவார்கள். நாற்பத்தெட்டு வீடுகள், இரண்டு லிஃப்ட். அதில் ஒன்று ஓடும். எது ஓடும் என்பது அன்றைய தினத்தைப் பொறுத்தது. வாசலில் பளிங்குப் பலகை: 'உலகமே, உள்ளே வா.' அதற்குக் கீழே, சற்றுச் சின்ன எழுத்தில்: 'விற்பனையாளர்கள், டெலிவரி ஆட்கள், வீட்டுவேலை செய்வோர் பின்வாசல் வழியாக.'

இந்தப் புண்ணிய பூமியில் 1A வீட்டில் வாடகைக்கு இருந்தாள் தபீதாள். ஐம்பத்தோரு வயது, தனி ஆள். மறைமலை நகரில் காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நிர்வாக அதிகாரி. வெளியூரிலிருந்து வரும் எஞ்சினியர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பதும் அவள் தலையில்தான் விழும்.

அவள் வீட்டுச் சொந்தக்காரர் சம்பந்தம். இப்போது கார்கள் நிற்கும் இடத்தில் அவருடைய அப்பா நெல் நட்டார். நிலத்தைக் கொடுத்ததற்குப் பில்டர் ஆறு வீடுகள் கொடுத்தான். அன்றிலிருந்து குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவரே. வேறு யாருக்கும் ஆறு ஓட்டு கிடையாது. அவர் எழுதிய வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: 'பிறர் மனம் புண்படும் வாசனைகளை எழுப்பலாகாது.' ஆகவே தபீதாள் மத்தி மீன் வறுக்கும் நாளில் சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, கூடத்தில் சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் சட்டியை அடுப்பில் வைப்பாள். சொந்தக் காசில் வாங்கிய மீனைத் திருட்டு மீன் மாதிரி வறுத்துத் தின்ற ஒரே பெண்பிள்ளை அவளாகத்தான் இருக்க வேண்டும். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டுமே, என்ன செய்வாள்.

இந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஒசாகா ஆலையில் மூன்று வருடம் வேலை பார்த்த அசென்லா என்ற பெண் எஞ்சினியர் இங்கே தரக்கட்டுப்பாட்டுக்கு வருகிறாள். கம்பெனி விருந்தினர் விடுதி ஆண்களுக்கு மட்டும். வீடு வேண்டும்.

சம்பந்தத்தின் 3B காலியாக இருந்தது. தபீதாள் போய்க் கேட்டாள்.

"ஒசாகாவிலேருந்து ஒரு எஞ்சினியர் வர்றாங்க சார். லேடி."

"ஒசாகான்னா ஜப்பானா?"

"ஜப்பான்லதான் இருக்கு."

"மேடம், இன்னா நீங்க, இதைப் போயி கேக்கணுமா? சாவியை இப்பவே எடுத்துனு போங்க."

தபீதாளுக்கு இன்னொன்றும் தெரியும். அசென்லாவின் சொந்த ஊர் நாகாலாந்து. அதை அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. போன வருடம் மணிப்பூரிலிருந்து வந்த இரண்டு பெண்களுக்காகச் சேலையூரிலிருந்து கோவிலம்பாக்கம் வரை ஏழு வீடுகள் ஏறி இறங்கியவள் அவள். ஏழு வீட்டிலும் போனில் 'வாங்க' என்றார்கள்; முகத்தைப் பார்த்ததும் 'நேத்துதான் வேற ஆளு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க' என்றார்கள். அந்தப் பெண்கள் கடைசியில் வேலையையே விட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். இந்தப் பெண்ணையும் அப்படி ரயிலேற்றக் கூடாது என்று தபீதாள் நினைத்தாள். அக்ரிமென்ட்டில் கையெழுத்து விழும் வரை வாயைத் திறப்பதில்லை.

செய்தி அறிந்த சங்கம் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை காலை ஜிம்மில் கூட்டம் கூடியது. ஜிம் என்பது, ட்ரெட்மில்லில் துண்டு காயும் அறை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்ற செயலாளர் கஸ்தூரிரங்கன் எழுந்தார்.

"ஒரு ஃபாரினர் முதல் தடவையா நம்ம கேட்டுக்குள்ள காலடி வைக்கப் போறாங்க. இவ்ளோ பெரிய தேசம். தெரியாத்தனமா எங்கியாவது மாட்டிக்கக் கூடாது. அதனால 'நம் நாட்டுக்கு வரும் பயணிகளுக்கு நடைமுறை அறிவுரைகள்'. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ். நான் சொல்லச் சொல்ல மேடம் அடிப்பாங்க."

தபீதாள் லேப்டாப்பைத் திறந்தாள்.

"முதல்ல சேஃப்டி. தண்ணி, நாய், ஆட்டோ," என்றார் கஸ்தூரிரங்கன்.

"நாயி இன்னா சார் பண்ணுது, அதும்பாட்டுக்குப் படுத்துனு கீது. பேஜார் பண்றது ஆட்டோதான்," என்றார் சம்பந்தம். "அதை மொதல்ல போடுங்க."

இப்படியாக முப்பத்திரண்டு அறிவுரைகள் பிறந்தன. அவற்றின் ஆழத்தை நீங்களும் கொஞ்சம் அனுபவிக்க வேண்டும்.

ஒன்று: 'ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டாம். சாலையோரம் நிற்கும் மாட்டின் இடதுபக்கம் நின்றுகொள்ளவும். அது போகும்போது போகவும்.' நான்கு: '"அஞ்சு நிமிஷம்" என்பது நேரம் அல்ல, ஆறுதல்.' ஒன்பது: '"சாப்டீங்களா" என்று கேட்பவர் சாப்பாடு போடப் போவதில்லை. "ஆச்சு" என்று சொல்லி நகரவும்.' பதினான்கு: 'உங்கள் வயது, சம்பளம், ஏன் கல்யாணம் ஆகவில்லை ஆகியவை லிஃப்டில் கேட்கப்படும். இது அன்பு.'

பதினொன்றாம் அறிவுரைக்கு மட்டும் கஸ்தூரிரங்கன் கண்ணை மூடிக்கொண்டார். குரல் தழுதழுத்தது.

"எழுதுங்க மேடம். 'எங்கள் நாட்டில் நூற்றுக்கணக்கான மொழிகள், ஆயிரக்கணக்கான உணவுகள், எண்ணற்ற முகங்கள். முகத்தை வைத்து இவர் எந்த ஊர் என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் எங்களவரே.'"

தபீதாளின் விரல் விசைப்பலகையில் நின்றது. "சார், இது கண்டிப்பா வேணுமா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? புஸ்தகத்தோட உயிரே இதுதான். தடிச்ச எழுத்துல போடுங்க."

தடித்த எழுத்தில் போட்டாள்.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை, விமான நிலையத்திலிருந்து கம்பெனிக் காரில் அழைத்து வரும்போது, தபீதாள் அசென்லாவிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். முப்பது வயதுப் பெண், இரண்டு பெட்டி, தூக்கமில்லாத கண்.

"நான் எந்த ஊர் என்று கேட்டால்?" என்றாள் அசென்லா.

"கேட்டால் உண்மையைச் சொல். கேட்க மாட்டார்கள். முடிவு செய்துவிட்டார்கள்."

வாசலில் தாமரைக் கோலம். சம்பந்தம் பட்டு வேட்டியில் ரோஜா மாலையோடு நின்றார். கஸ்தூரிரங்கன் இடுப்பு வரை குனிந்து, போனில் மூன்று நாள் பயின்ற ஜப்பானிய வணக்கத்தைச் சொன்னார். மூன்று வருடம் அதையே கேட்டுப் பழகிய அசென்லா, தன்னையறியாமல் அவரைவிட அழகாகக் குனிந்து பதில் சொன்னாள். வந்திருந்த ஒரு சிலருக்குச் சந்தேகம் ஏதேனும் இருந்திருந்தால் அதுவும் போயிற்று.

சம்பந்தத்தின் மனைவி கங்கையம்மாள் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து இட்லி வைத்தாள். அசென்லா கையால் பிட்டுச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டாள்.

"பாரேன், கையால எவ்ளோ அயகா துண்ணுது கொயந்தை," என்று கங்கையம்மாள் உருகிப்போனாள். "அவங்க ஊர்ல மீனைப் பச்சையாவே துண்ணுவாங்களாமே. பாவம், நாக்கு கேக்கும். வூட்ல இன்னா வேணா ஆக்கிக்கட்டும் மேடம், கூச்சப்பட வேணாம்னு சொல்லுங்க."

ஈரத்துண்டும் சாம்பிராணியுமாக ஆறு வருடம் ஓட்டிய தபீதாள் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாள். மொழிபெயர்ப்பில் குறையொன்றும் வைக்கவில்லை.

கஸ்தூரிரங்கன் அறிவுரைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மாட்டைப் பற்றிச் சொன்னார். "தெரியும் சார்," என்றாள் அசென்லா. அஞ்சு நிமிஷத்தைப் பற்றிச் சொன்னார். "தெரியும் சார்." கல்யாணக் கேள்வியைப் பற்றிச் சொன்னார். "நன்றாகவே தெரியும் சார்."

"ஹோம்வொர்க் பண்ணிட்டு வந்திருக்காங்க," என்று அவர் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "ஜப்பான்காரங்ககிட்ட நாம கத்துக்கணும்."

பிறகு அக்ரிமென்ட். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் வாடகைதாரர் படிவத்துக்கு ஓர் அத்தாட்சி வேண்டும். பாஸ்போர்ட் கேட்டார் கஸ்தூரிரங்கன். அசென்லா கைப்பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

கருநீல அட்டை. பொன் நிறத்தில் சிங்கங்கள். கஸ்தூரிரங்கன் வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்காக எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருப்பதைப் போலவே, அச்சு அசல்.

"இது... நம்ம பாஸ்போர்ட்டாச்சே," என்றார்.

"ஆமாம் சார்," என்றாள் அசென்லா. "நம்முடையதுதான்."

அவர் பிரித்துப் படித்தார். பிறந்த இடம்: மோகோக்சுங், நாகாலாந்து.

"அது எந்த நாட்டுல கீது?" என்றார் சம்பந்தம், பேனாவைத் திறந்து கையெழுத்துக்குக் குனிந்தபடி.

"நம்ம நாட்டுலதான் சார்," என்றார் கஸ்தூரிரங்கன், துக்கச் செய்தி சொல்கிறவரைப் போல.

சம்பந்தம் பேனாவை மூடினார்.

அடுத்து நடந்ததுதான் அதிசயம். 3B வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. சிலிண்டரே வரவில்லை. பாத்திரம் ஒன்று கூட இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் கணத்திலிருந்து வீட்டில் ஒரு வாசனை எழும்பி மாடிப்படி வழியே எல்லாத் தளங்களுக்கும் பரவிவிட்டது. கங்கையம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷத்தில் ஜிம்மில் அவசரக் கூட்டம். நிஜமான ஐந்து நிமிஷம். சங்கத்தின் சரித்திரத்தில் முதல் முறை.

"நீங்க எங்களை ஏமாத்திட்டீங்க மேடம்," என்றார் சம்பந்தம்.

"ஒசாகாவிலேருந்து வர்றாங்கன்னு சொன்னேன். அங்கேருந்துதான் வந்திருக்காங்க. டிக்கெட் இருக்கு, காட்டவா?"

"அதெல்லாம் வேணாம். ஃபாரின்காரங்கன்னா ரெண்டு வருஷத்துல அவங்க நாட்டுக்குப் போயிடுவாங்க. இது நம்ம நாட்டுப் பொண்ணு. எங்க போவும்? இங்கியேதான் இருந்துனு கெடக்கும்."

"மீன் ஆக்கிக்கலாம்னு அக்காதான் சொன்னாங்க."

"அது ஜப்பான் மீனு," என்றாள் கங்கையம்மாள். "இவங்க இன்னா இன்னாவோ துண்ணுவாங்களாம். நாலு பேரு சொல்றாங்க."

"எந்த நாலு பேரு அக்கா?"

கங்கையம்மாள் ட்ரெட்மில்லில் காய்ந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"சார், பதினொண்ணாவது அறிவுரை," என்று தபீதாள் கஸ்தூரிரங்கன் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் சொன்னீங்க. நான் தடிச்ச எழுத்துல அடிச்சேன்."

கஸ்தூரிரங்கன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பொறுப்புள்ள அதிகாரி தன் சுற்றறிக்கையைத் தானே மீற மாட்டார். அது யாருக்குப் பொருந்தும் என்று மட்டுமே பார்ப்பார். "அது பயணிகளுக்கு எழுதினது மேடம். வர்றவங்க நம்மளை எப்படிப் பார்க்கணும்னு. நாம யாரை எப்படிப் பார்க்கணும்னு அதுல எங்க இருக்கு?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: '3B வீட்டில் காலவரையற்ற பராமரிப்புப் பணி நடைபெறுவதால் வாடகைக்கு இல்லை.'

கூடத்தில் அசென்லா இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கழற்றி நாற்காலியில் வைத்த ரோஜா மாலையைக் கங்கையம்மாள் பூக்கடைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். "சாமிக்காவது ஆவும்," என்றாள், பொதுவாக.

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அசென்லா எழுந்து பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள்.

"ஒசாகாவில் முதல் நாள் எந்த நாடு என்று கேட்டார்கள்," என்றாள் தபீதாளிடம். "இந்தியா என்றேன். 'அப்படியா, கறிக்குழம்பு நன்றாக வைப்பாயா' என்றார்கள். அவ்வளவுதான். உடனே நம்பிவிட்டார்கள். என்னை இந்தியர் என்று கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே ஊர் அதுதான்."

தபீதாள் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டாள். "1A வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. வா."

பின்னாலேயே சம்பந்தத்தின் குரல் வந்தது. "மேடம், மார்ச்ல உங்க அக்ரிமென்ட் முடியுது. பாத்துக்கோங்க."

"பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்," என்றாள் தபீதாள்.

அன்று மாலை அவள் வழக்கமான கால் கிலோ அல்ல, ஒரு கிலோ மத்தி வாங்கி வந்தாள். சமையலறையின் இரண்டு சன்னல்களையும் திறந்து வைத்து வறுத்தாள். அசென்லா வெங்காயம் நறுக்கினாள். நாற்பத்தெட்டு வீடுகளும் மூச்சை இழுத்துக்கொண்டன. அதில் இருபது வீடாவது கதவைச் சாத்திக்கொண்டு எச்சில் விழுங்கியது என்பது என் கணக்கு. திங்கட்கிழமை காலை 1A கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'மாதக் கடைசிக்குள் காலி செய்யவும்.' மார்ச் வரை பொறுக்க முடியவில்லை.

ஆனால் பாருங்கள், அறிவுரைப் புத்தகம் நிற்கவில்லை. விருந்தாளி போனால் என்ன, விருந்தோம்பல் போய்விடுமா? குடியரசு தினத்தில் வெளியிடுவது என்று முன்பே முடிவாகியிருந்தது. "ஃபைனல் காப்பி உங்ககிட்டதானே மேடம் இருக்கு," என்று கஸ்தூரிரங்கன் லிஃப்டில் கேட்டார், எதுவுமே நடக்காததைப் போல. "கேம்ப் ரோடு அச்சாபீஸுக்கு அனுப்பிடுங்க. நான் ஏற்கெனவே ரெண்டு தடவை படிச்சாச்சு, ப்ரூஃப் வேணாம்."

"அனுப்பிடறேன் சார்," என்றாள் தபீதாள். அனுப்பவும் செய்தாள். அனுப்புவதற்கு முன் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்ததைக் கவனித்தாள்.

ஜனவரி இருபத்தாறு. கார் நிறுத்துமிடத்தில் கொடியேற்றம். மிட்டாய், ஸ்பீக்கர், பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி வரிசையில் தபீதாளும் அசென்லாவும். பக்கத்தில் கட்டிய பெட்டிகள். டெம்போ பத்து மணிக்கு வருகிறது, கூடுவாஞ்சேரியில் வீடு கிடைத்திருந்தது. தேசிய கீதத்தில் முதல் வரியோடு பலருக்கு வார்த்தை தடுமாறியது. அசென்லா மட்டும் கடைசி வரை பாடினாள்.

கஸ்தூரிரங்கன் மைக்கைப் பிடித்து, புத்தகத்தை முதல் அறிவுரையிலிருந்து கணீரென்று வாசித்தார். மாட்டுக்குச் சிரிப்பு. அன்புக்குச் சிரிப்பு. பதினொன்றுக்கு நீண்ட கைதட்டல். முப்பத்திரண்டு முடிந்து பக்கத்தைத் திருப்பினார். அங்கே இன்னும் ஒன்று இருந்தது. தடித்த எழுத்து. அச்சில் இருப்பதை வாசித்தே பழகிய குரல், தானாக வாசித்துவிட்டது:

"முப்பத்து மூன்று: இந்த நாட்டுக்கு வருபவர்கள், தயவுசெய்து வெளிநாட்டிலிருந்து வாருங்கள். உள்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இங்கே இடமில்லை."

கஸ்தூரிரங்கன் நின்றுவிட்டார். ஸ்பீக்கர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவர் கண் கடைசி வரிசைக்குப் போயிற்று.

முன்வரிசையிலிருந்து சம்பந்தம் மிட்டாயை மென்றுகொண்டே கை தட்டினார்.

"கரெக்ட்டு சார்," என்றார். "இதை மொத பக்கத்துல போட்டிருக்கணும்."