துரையின் மோட்டாருக்குப் புளி தேய்த்த விவரம்

பவானிப்பூர், கல்கத்தா
பிரபவ வருஷம் புரட்டாசி 2, ஞாயிற்றுக்கிழமை

மகா-ள-ஸ்ரீ மைத்துனர் சீதாராமன் அவர்கள் சமூகத்துக்கு அனந்தகிருஷ்ணன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் தங்கள் தங்கை ஜகதாம்பாளும் உயிரோடு இருக்கிறோம். மாயவரத்தில் தாங்கள் சௌக்கியமாகவே இருப்பீர்கள். ஊராருக்கு யோசனை சொல்லிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன குறை?

எங்கள் ஹார்ட்லி துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போகும்போது தம் மோட்டாரை என் பொறுப்பில் விட்டுப் போனது தங்களுக்குத் தெரியும். ஹெட்கிளார்க் வேலை எனக்கா, ஸ்ரீனிவாசராகவனுக்கா என்பதைத் திரும்பி வந்து தீர்மானிப்பதாகவும் சொல்லிப் போனார். நான் வாசலில் தகரக் கொட்டகை போட்டு அந்த வண்டியைக் கட்டிக் காத்தேன். தங்கள் தங்கை என்ன செய்தாள்? வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தாள். கேட்டால், "வாகனம் நம்மாத்து வாசல்ல நிக்கறது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறும் நெத்தியோட நிக்கலாமோ?" என்றாள். அடியே, அது துரை வண்டி, கிறிஸ்து வேதக்கார வண்டி என்றேன். "வண்டிக்கு ஏதுன்னா மதம்?" என்றாள். கல்கத்தா மழையில் அந்தச் சந்தனம் எங்கே காய்கிறது? துரை வர மூன்று வாரம் இருக்கும்போது சுரண்டிப் பார்த்தால், பொட்டு வைத்த ஏழு இடத்திலும் அதே அகலத்துக்குத் துரு.

ஒர்க்ஷாப்பில் விடலாமென்றால் அலிப்பூர் துரைமார் வண்டிகளெல்லாம் அங்கேதான் நிற்கின்றன. அன்று மாலையே கிளப்பில் சமாசாரம் பரவிவிடும். அந்தப் பீடை காலத்தில்தான் தங்களுக்கு ஒரு கார்டு போட்டேன். தாங்கள் பதில் எழுதினீர்களே! "பித்தளை அண்டாவுக்கு ஒரு சட்டம், மோட்டாருக்கு ஒரு சட்டமா? புளி போட்டுத் தேயும். பள்ளத்தைச் சோற்றுப் பசையால் அடையும். மேலே விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசும். காசு செலவில்லை." தாங்கள் ஆயுளில் ஒரு மோட்டாரையாவது தொட்டுப் பார்த்ததுண்டா? பத்திரம் எழுதுகிறவர் பத்திரத்தோடு நிற்க வேண்டாமா?

புளி போட்டுத் தேய்த்தேன். துருவும் போயிற்று, அதைச் சுற்றி ஒரு சாண் பெயிண்டும் போயிற்று. ஏழு பள்ளத்தையும் சோற்றுப் பசையால் அடைத்தேன். முதலில் எறும்பு வந்தது, அடித்து விரட்டினேன். மறுநாள் அடுத்த வீட்டு முகர்ஜி பாபு மாடியிலிருந்து, "ஓ மொஷாய்! ஆடு உங்கள் மோட்டார் காடியைத் தின்கிறது!" என்று வங்காளியில் கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால் அவர் வளர்க்கும் ஆடுதான், முன் மட்கார்டை நக்கி முடித்துவிட்டுப் பின் மட்கார்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி பசை அடைத்து, மேலே கரியைப் பூசினேன். பூசிய இடம் மட்டும் பளபளவென்றும் மீதி வண்டி சோகை பிடித்தும் தெரிந்தது. வேறு வழியில்லாமல் வண்டி முழுக்கப் பூசினேன். விளக்கெண்ணெய் காயாது என்பதைத் தாங்கள் எழுதவே இல்லையே, ஏன்?

நேற்றுக் கிடர்பூர் துறையில் கப்பல் வந்தது. ஆபீஸ் முழுக்க மாலையோடு நின்றது, நான் வண்டியோடு நின்றேன். பாழாய்ப்போன தூறலும் வந்தது. துரை இறங்கி, தம் வண்டியைக் கண்ட சந்தோஷத்தில், வெள்ளை உடுப்போடு மட்கார்டில் கையை ஊன்றிச் சாய்ந்து நின்று எல்லோரோடும் பேசினார். பிறகு அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். மட்கார்டிலிருந்து ஊறிப்போன சோறு அவர் பூட்ஸின்மேல் பொத்தென்று விழுந்தது. ஸ்ரீனிவாசராகவன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றான். துரை கத்தவில்லை. "திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் அறைக்கு வா" என்று மட்டும் சொன்னார். இருபத்தோரு வருஷ சர்வீஸ் எனக்கு. ஹெட்கிளார்க் வேலை கிடக்கட்டும், இருக்கிற வேலை மிஞ்சுமா என்றே பயமாயிருக்கிறது. இதற்கெல்லாம் பொறுப்பு தாங்கள்தான்.

தங்கள் அகத்தில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்களுக்கு இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
அனந்தகிருஷ்ணன்

பி.கு.: திங்கட்கிழமை மாலை. துரை நேற்று வண்டியைக் கெரோசின் துணியால் துடைக்கச் சொன்னாராம். ஏழு இடத்தில் பெயிண்ட் இல்லையே தவிர, எங்கேயும் துளித் துரு இல்லை. அவரோடு லீவில் போன மற்ற துரைமாரின் வண்டிகள் ஒர்க்ஷாப் கொட்டகையிலேயே சல்லடையாகிக் கிடக்கின்றனவாம். ஆறு மாதமும் நான் எண்ணெய் பூசியே காத்ததாக நினைத்துக்கொண்டு, "இது யார் யோசனை?" என்று கேட்டார். என் யோசனை என்று சொல்லிவிட்டேன்; பேச்சு வேகத்தில் தங்கள் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹெட்கிளார்க் உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு துரைமாரின் வண்டிகள் நம் வாசலுக்கு வருகின்றன. ஆகையால் மேலே கண்டதைத் தாங்கள் படித்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வண்டிக்கு எத்தனை படி எண்ணெய், எவ்வளவு கரி என்று உடனே எழுதவும். கார்டில் வேண்டாம், கவரில் போட்டு நன்றாக ஒட்டி அனுப்பவும். யோசனை வேறொருவருடையது என்று தபால்காரனுக்குத் தெரிய வேண்டியதில்லை.