எட்டு எலும்பும் நலம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அத்தானின் வலது கை நீங்கலாக. உன் மனைவிக்கும் பெண்ணுக்கும் என் அன்பைச் சொல்.

பெண்ணுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஒன்றில் பழையபடி விரிவுரை, மற்றதில் ஒருங்கிணைந்த பாடமுறை, எது மேல் என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று புள்ளியியல் வகுப்பில் வருடம் முழுக்கச் சொல்கிறவள் நான். ஆனால் வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான். மகன் விரிவுரைக் கல்லூரி, மகள் ஒருங்கிணைந்த கல்லூரி. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நோயாளி இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உன் அத்தான் பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினார்.

விழுந்த சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தவன் மகன். இருநூறு பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசையிலிருந்து படிக்கிறவன். அப்பாவிடமிருந்தும் ஏறக்குறைய அதே தூரத்தில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். "இதுல எதுடா உடைஞ்சிருக்கு?" என்றார் இவர். "அதெல்லாம் மூணாவது வருஷம்பா." அதற்குள் மகள் ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துவிட்டாள். அவர்கள் கல்லூரியில் எல்லாத் துறை ஆசிரியர்களும் சேர்ந்து ஒரே உறுப்பின் மேல் பாய்வார்கள். இப்போது நடப்பது இதயம். "கைதான்மா வலிக்குது" என்று இவர் கெஞ்ச, "கை எங்களுக்கு அடுத்த வருஷம்பா. விழறதுக்கு முன்னாடி படபடப்பு இருந்துச்சா?" என்றாள். "இல்ல, இப்பதான் இருக்கு. உங்க ரெண்டு பேரையும் பார்த்து."

பிறகு எங்கள் எல்லோரையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள். அவள் கல்லூரியில் ஆசிரியர் விடை சொல்ல மாட்டாராம், கூடிப் பேசித் தாங்களே கண்டுபிடிக்க வேண்டுமாம். "முதல்ல நமக்குத் தெரிஞ்சது என்ன?" "வலிக்குதுன்னு தெரியும்" என்றார் இவர். "சூப்பர் பாயின்ட்பா" என்று எழுதிக்கொண்டு அடுத்த பாயின்டுக்குப் போய்விட்டாள். "எங்க சார் இதை அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சிடுவார்" என்றான் மகன். "முடிச்சிடுவார். நீ தூங்கி எழுந்திருக்கும்போது யார்கிட்டயாவது கேட்டுக்கலாம்" என்றாள் இவள். இரண்டும் அடித்துக்கொள்ள, மணிக்கட்டு முழங்கால் பருமனுக்கு வீங்கிக்கொண்டே போக, நான் டாக்ஸியை வரவழைத்தேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மணிக்கட்டின் எட்டு எலும்பும் நலம், உடைந்திருப்பது அதற்கு மேலே முன்கை எலும்பு என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார். மகன் என் காதில், "முன்கை லெக்சர் அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்மா" என்றான்.

ஆகவே தம்பி, விரிவுரைக் கல்லூரியிலேயே சேர்த்துவிடு. அங்கே தப்பான விடையாவது சீக்கிரம் கிடைக்கிறது. மற்ற இடத்தில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை நோயாளி தாங்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல்பு மாற்ற ஆள் கூப்பிடு.

ஆசிகளுடன்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் பெண் போன் செய்தாள். கல்லூரியைப் பற்றித்தான் கேட்பாள் என்று நான் மேலே எழுதியதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். மாவுக்கட்டு வரை வந்ததும் நிறுத்தி, "அத்தை, மாமா அந்தக் கட்டோட சட்டை எப்படிப் போட்டுக்கறாங்க?" என்றாள். திரும்பிப் பார்த்தேன். விழுந்த அன்று போட்டிருந்த அதே சட்டை. மாவுக்கட்டைத் தாண்டிச் சட்டைக் கையைக் கழற்ற முடியாமல் அதிலேயே தூங்கி எழுந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா மறுபடியும் மேசையைச் சுத்தி உட்கார வைப்பீங்க" என்கிறார். அவளை எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் சேர், மேலே உள்ளது ஒன்றையும் பொருட்படுத்தாதே. சட்டைக் கையின் தையலைப் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறாள். நான் கத்தரிக்கோல் தேடப் போகிறேன்.