பூட்டு போட்ட கம்ப்யூட்டர்

இனி தன் கம்ப்யூட்டரைத் தானே ஆள்வது என்று ஆவடி குவார்ட்டர்ஸ் ரகுநாதன் முடிவு செய்துவிட்டார். பொழுது போகட்டும் என்று மனைவி பஞ்சவர்ணத்துக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராமைக் கற்றுக்கொடுத்தது அவர்தான். இப்போது குவார்ட்டர்ஸில் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் அத்தனை பேரும் அவர் ஹாலில். டூட்டி முடிந்து வந்து ஒரு ஆட்டம் செஸ் ஆட நாற்காலி கிடைப்பதில்லை. போன வாரம் அவரையே வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு பூட்டு கார்டும் அதற்கான சாவியும் வாங்கி வந்து, கார்டைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டினார். மறுநாள் காலை மனைவிக்குச் செய்முறை விளக்கம்.

"விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே இது முழிச்சுக்கும். முதல்ல சாவி கேக்கும், அப்புறம் பாஸ்வேர்டு. ரெண்டும் சரியா இருந்தாத்தான் டிஸ்க்குல இருக்கிறதப் படிக்க முடியும். இல்லேன்னா எல்லாம் கிறுக்கல்."

"எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்குமா?"

"ஆன் பண்றப்ப ஒரு தடவை. அது போதும்."

சாவியைச் செருகி, துண்டால் கையை மூடிக்கொண்டு பாஸ்வேர்டு அடித்தார். விண்டோஸ் வந்தது. ஃபேக்டரி சங்கும் ஊதியது. விரல் நீளச் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

கேட்டில் செக்யூரிட்டி துலுக்கானம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"கம்ப்யூட்டர் சாவிப்பா. ரகசிய எழுத்தத் திறக்கும்."

"டிஃபென்ஸ் ஃபேக்டரி வாசல்ல நின்னுகினு ரகசியத்தத் திறக்கும்ன்றியே சார். ஊட்ல வச்சிட்டு வா."

வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்து வாசலிலேயே பஞ்சவர்ணத்தின் கையில் சாவியைத் திணித்தார். பயமில்லை. பாஸ்வேர்டு அவர் தலைக்குள் இருக்கிறது.

சாயந்திரம் வந்தால் ஹால் நிரம்பி வழிந்தது. பிரிண்டர் கறகறவென்று பொருத்தம் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்படித் திறந்தே?"

"நான் எங்கங்க திறந்தேன்? காலையில நீங்க திறந்ததுதான். அணைச்சாத்தானே மறுபடி கேக்கும்?"

ஆத்திரம் தாங்காமல் ரகுநாதன் சுவிட்சைத் தட்டி அணைத்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனது. நாற்காலி காலியானது. சாய்ந்து உட்கார்ந்து மறுபடி ஆன் செய்தார். கறுப்புத் திரை சாவி கேட்டது.

"சாவி எங்கே?"

"எங்கிட்ட பத்திரமா இருக்குங்க."

"பாஸ்வேர்டு இல்லாம நீ என்ன பண்ணுவே?"

"எனக்கு என்னங்க? உங்க ஃபோர்மேன் பக்தவத்சலம் சார் பொண்ணு ஜாதகம் பாதியில உள்ள நிக்குது. அவர் வாசல்ல நிக்கிறார். நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

ரகுநாதன் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு பாஸ்வேர்டு அடிக்கும் கையை மூடத் துண்டைத் தேடினார்.

இப்போதெல்லாம் தினமும் சங்கு ஊதுவதற்குள் குளித்து, பாஸ்வேர்டு அடித்து, பஞ்சவர்ணத்துக்குக் கடையைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் அவர் டூட்டிக்குப் போகிறார்.